காங்கேசன்துறை முனையம்: வேனை எங்கே நிறுத்துவது?

“சேர், வேன எங்க நிப்பாட்டுற?”

சாரதித் தம்பி இதைக் கேட்டபோது காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் இருந்தது. என்னிடம் பதில் இருக்கவில்லை. புத்தளத்திலிருந்து சுபஹுக்கு முன்பே புறப்பட்டு வந்த அந்த வேனில் பதினொரு பேர் இருந்தோம். அவர்களில் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறப் போகிறவர்கள் இரண்டே பேர்: என் சாச்சியும் அவரது மகளும். மற்ற ஒன்பது பேரும் வழியனுப்ப வந்தவர்கள். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட், சாச்சியின் பிரஷர் மருந்து என்று எல்லாவற்றையும் ஒரு வாரமாகச் சரிபார்த்திருந்தோம். வேனைப் பற்றி மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று எங்களை யாரும் அலைக்கழிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிழை எங்களுடையதுதான். ஆனால் திரும்பி வரும் வழியில் சாரதியின் அந்தக் கேள்வி மனதை விட்டு நீங்கவில்லை. கப்பல் சேவை, சொகுசுக் கப்பல், சுற்றுலா வருமானம், இந்திய இலங்கை உறவு என்று எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. வடக்கில் திறக்கப்பட்ட பயணிகள் முனையத்துக்கு ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிப் போய்ச் சேர்வது, வந்த வாகனம் எங்கே நிற்பது, முழங்கால் வலியுள்ள ஒரு பெண்மணி எப்படி ஏறுவது என்பது பற்றி நான் எதையும் வாசித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன். கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இடையிடையே கணக்கு வரும், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காங்கேசன்துறை முனையத்துக்கு இரண்டு பிறந்த கதைகள் உண்டு. முதலாவது சொகுசுக் கப்பலின் கதை. 2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. கோர்டிலியா நிறுவனத்தின் கப்பல் அது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அதன் பயணத் திட்டத்தில் இருந்தன. அந்த மாதத்தின் நடுப்பகுதியில் அது காங்கேசன்துறைக்கு வந்தபோதுதான் புதிய பயணிகள் முனையமும் திறந்து வைக்கப்பட்டது. 1990இலிருந்து உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரோடு மட்டுமே நாம் அறிந்திருந்த ஓர் இடத்தில் உல்லாசப் பயணிகள் இறங்கினார்கள். அது சிறிய செய்தியல்ல.

இரண்டாவது கதை அதே வருடம் ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ என்ற 150 ஆசனப் படகு காங்கேசன்துறைக்கு வந்தது. ஒருவழிக் கட்டணம் இந்திய நாணயத்தில் 7,670 ரூபா என்று அறிவிக்கப்பட்டது, முதல் நாளுக்கு மட்டும் விசேட சலுகை. ஆனால் வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் ஒரு வாரத்திலேயே சேவை நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ என்ற வேறு கப்பலோடு ஒரு தனியார் நிறுவனம் மீண்டும் தொடங்கியது, மழைக்காலத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது, 2025 பெப்ரவரி 22இல் மறுபடியும் ஆரம்பமானது. நடந்து, விழுந்து, எழுந்து வரும் பிள்ளையைப் போல் ஒரு சேவை.

ஒரே முனையம். ஆனால் அதைப் பாவிக்கும் இரண்டு வகைப் பயணிகளும் ஒருவருக்கொருவர் முற்றிலும் எதிரானவர்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் வாகனத் தரிப்பிடத்தையும் ஏறுதுறையையும் பற்றிப் பேச முடியாது.

சொகுசுக் கப்பலில் வருகிறவர் கடலிலிருந்து வருகிறார். அவரது கட்டில், பெட்டி, சாப்பாடு எல்லாம் கப்பலில் இருக்கின்றன. காங்கேசன்துறை அவருக்கு வழியில் உள்ள ஒரு தரிப்பு. கையில் ஒரு சிறிய பையோடு இறங்குவார், ஐந்தாறு மணித்தியாலம் ஊர் பார்ப்பார், மாலையில் திரும்பி ஏறுவார். அவருக்குக் கார் நிறுத்த இடம் வேண்டாம். அவரை ஏற்றிக்கொண்டு போக பஸ் வேண்டும். படகில் போகிறவர் தரையிலிருந்து வருகிறார். பெட்டியோடு வருகிறார். எங்களைப் போல் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருகிறார். பிள்ளைகளுக்கு மலசலகூடம் தேவைப்படும், வயோதிபருக்கு உட்கார இடம் தேவைப்படும், வேனுக்கு நிழல் தேவைப்படும்.

இனிக் கணக்கு. ஒரு சொகுசுக் கப்பலில் 1,500 பேர் வந்து, அவர்களில் 1,000 பேர் கரைக்கு இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஆசன பஸ் என்றால் 25 பஸ்கள். ஒரு பஸ் 12 மீற்றர், இடைவெளியோடு 15 மீற்றர் என்றால் வரிசை ஏறத்தாழ 400 மீற்றருக்குப் போகும். எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் ஓடும் ஒரு முழுச் சுற்று அது. அவ்வளவு நீளமான வரிசை காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நிற்கும். பிறகு அடுத்த கப்பல் வரும் வரை, அது ஒரு வாரமோ ஒரு மாதமோ, அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

படகின் கணக்கு வேறு. காலையில் நாகையிலிருந்து புறப்படும் கப்பல் நண்பகல் அளவில் காங்கேசன்துறைக்கு வரும், பிற்பகலில் திரும்பிப் புறப்படும். அதாவது, வந்து இறங்கும் 150 பேரும் ஏறப் போகும் 150 பேரும் ஏறத்தாழ ஒரே இரண்டு மணித்தியாலத்துக்குள் அங்கே இருப்பார்கள். நான்கு பயணிக்கு ஒரு வாகனம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஏற்றிவந்தவை நாற்பதுக்குக் கிட்ட, கூட்டிப்போக வந்தவை நாற்பதுக்குக் கிட்ட. எண்பது வாகனங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு. கப்பல் நிரம்பாத நாட்களில் இதில் பாதி. கப்பல் போன பிறகு காற்றும் காகமும்தான்.

ஆக, இரண்டு வகையிலும் பிரச்சினை நாள் முழுவதும் இல்லை. உச்ச நேரத்தில்தான் இருக்கிறது. இதற்குப் பெரிய தரிப்பிடம் கட்டுவது, வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளிக்காக வீட்டின் பாதியை வெறுமையாக வைத்திருப்பதற்குச் சமம்.

காங்கேசன்துறையில் இந்த விடயம் வெறும் வசதி சம்பந்தப்பட்டதல்ல. அங்கே நிலம் என்பது வேறு விடயம்.

ஒரு கார் நிற்கவும், அது உள்ளே வந்து திரும்பி வெளியேறவும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீற்றர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நமது நாட்டு அளவையில் ஒரு பேர்ச் என்பது 25 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. அதாவது ஒரு காருக்கு ஒரு பேர்ச். யாழ்ப்பாணத்தார் கணக்கில் ஒரு பரப்புக்குப் பத்துக் கார். முந்நூறு கார் நிறுத்த வேண்டுமானால் முப்பது பரப்பு, கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர். பஸ் என்றால் ஒவ்வொன்றுக்கும் இதுபோல் மூன்று நான்கு மடங்கு.

அந்த முப்பது பரப்பு யாருடையது? வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் தங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். யுத்தம் முடிந்த பிறகு காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன, இன்னும் விடுவிக்கப்படாமல் இருப்பவையும் உண்டு. அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நாங்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். அப்போது எனக்குப் பத்து வயது. எங்களை வெளியேற்றியவர்கள் வேறு, அவர்களை வெளியேற்றிய காரணம் வேறு. ஆனால் தன் காணிக்குத் திரும்பிப் போக முடியாமல் கடிதக் கோவையைத் தூக்கிக்கொண்டு கச்சேரிக்கு அலையும் மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும், என் வாப்பாவே அப்படி ஒருவர். அதனால்தான் ‘அபிவிருத்திக்காக நிலம்’ என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று யோசிக்கிறேன். ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் மட்டும் வாகனம் நிற்கும் இடத்துக்காக, முப்பத்தைந்து வருடமாகக் காத்திருக்கும் ஒருவரின் வளவு போய்விடக் கூடாது.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைப்பதற்கு முதலில் இந்தியக் கடன் என்று பேசப்பட்டு, பின்னர் 61.5 மில்லியன் அமெரிக்க டொலர் முழுவதையும் இந்தியா நன்கொடையாகவே தருவதாக 2024இல் முடிவானது. அலைதாங்கி, ஆழப்படுத்தல், இறங்குதுறை என்பவைதான் இப்படியான திட்டங்களின் பெரிய செலவு. வெளிப்படலைக்கு அப்பால் உள்ள பாதை, தரிப்பிடம், பஸ் நிறுத்தம் ஆகியவை யாருடைய பொறுப்பு? துறைமுகம் ஒரு நிறுவனத்தின் கீழ், வீதி இன்னொன்றின் கீழ், தெருவோரக் கட்டணம் பிரதேச சபையின் கீழ். மூன்றுக்கும் நடுவில் விழுந்துவிடும் விடயங்கள் நமது நாட்டில் விழுந்தபடியே கிடக்கும். படலைக்கு உள்ளே பளிங்கு, வெளியே புழுதி என்பது நாம் காணாத காட்சியா?

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் மியாமியில் 2025இல் திறக்கப்பட்ட எம்.எஸ்.சி. நிறுவனத்தின் முனையம் ஒரு நாளைக்கு 36,000 பேரைக் கையாளக் கூடியது, 2,400 வாகனங்களுக்குத் தரிப்பிடம் இருக்கிறது. அங்கே குடும்பங்கள் தமது காரிலேயே வந்து, காரை ஒரு வாரம் அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலில் போய் வருவார்கள். நாள்வாடகை துறைமுகத்துக்கு நல்ல வருமானம். அது கார் நாட்டின் வழி. மும்பாயில் 2025 செப்டெம்பர் 20ஆம் திகதி திறக்கப்பட்ட சர்வதேசச் சொகுசுக் கப்பல் முனையம் வேறு விதம். ஒரே நேரத்தில் ஐந்து கப்பல்கள், நாளொன்றுக்குப் பத்தாயிரம் பயணிகள் என்ற அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள், 72 கருமபீடங்கள். ஆனால் தரிப்பிடம் முந்நூறு சொச்சம் வாகனங்களுக்குத்தான். பத்தாயிரம் பேருக்கு முந்நூறு என்றால் என்ன பொருள்? பெரும்பாலானவர்கள் வாடகைக் காரிலோ பஸ்ஸிலோ வந்து இறங்கிவிடுவார்கள், வாகனம் உடனே போய்விடும் என்று எண்ணியே வரைந்திருக்கிறார்கள். மும்பாயிலேயே அப்படியென்றால், காங்கேசன்துறைக்கு நாம் கேட்க வேண்டியது பெரிய தரிப்பிடம் அல்ல. நல்ல ஓர் இறக்குமிடம்.

இதில் எனக்கு ஆச்சரியம் தருவது, இந்தக் கணக்கை நம் முன்னோர்கள் நூறு வருடத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள் என்பதுதான். 1914இல் தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பல் சேவையை நினைத்துப் பாருங்கள். கொழும்பு கோட்டையில் ரயில் ஏறினால் அது தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் போகும். ரயிலிலிருந்து இறங்கிக் கப்பலில் ஏற வேண்டியதுதான். அந்தப் பக்கம் தனுஷ்கோடியில் கப்பலிலிருந்து இறங்கினால் இறங்குதுறையிலேயே சென்னை ரயில் நிற்கும். போட் மெயில் என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள். தரிப்பிடம் என்ற பேச்சே அங்கே எழவில்லை, ஏனென்றால் வாகனமே வரத் தேவையில்லை. 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது, எண்பதுகளின் முற்பகுதியில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. புடவைக் கடைக்காரர், ஸியாரத்துக்குப் போனவர்கள், மத்ரஸாவில் ஓதப் போன பிள்ளைகள் என்று எத்தனை பேர் அந்த வழியால் போய் வந்திருக்கிறார்கள். என் சாச்சியின் மாமியாரும் ஒருமுறை அப்படித்தான் நாகூருக்குப் போனாராம். ரயிலில் சுருண்டு படுத்தவர், கடலைப் பார்த்துத்தான் எழும்பினேன் என்று சொல்வாராம்.

காங்கேசன்துறைக்கும் ரயில் இருக்கிறது. யுத்தத்தில் சிதைந்த வடக்குப் பாதை மீளமைக்கப்பட்டு 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை வரை ரயில் ஓடத் தொடங்கியது. பாதை முடிகிற இடம் துறைமுகத்துக்குக் கிட்டவே. கொழும்பிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேல் வந்து, துறைமுகத்தின் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது ரயில். கடைசிக் கொஞ்சத் தூரத்துக்கு ஒரு சிறிய பஸ், பெட்டி தள்ளும் வண்டி, கூரை போட்ட ஒரு நடைபாதை ஆகியவை போதும். கப்பல் பிற்பகலில் புறப்படுவதால் இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு நேரமும் தாராளம். கப்பல் டிக்கெட்டோடு ரயில் ஆசனத்தையும் சேர்த்தே பதியக் கூடிய ஓர் ஏற்பாட்டை இரண்டு தரப்பும் பேசிச் செய்யலாம். கொழும்பு, கண்டி, குருநாகல், அநுராதபுரம் மாவட்டங்களிலிருந்து போகிற நம்மவர்களுக்கு வேன் வாடகையே மிச்சம். நாங்கள் கொடுத்த வேன் வாடகையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதில் இன்னும் ஒருவரைக் கப்பலில் ஏற்றியிருக்கலாம்.

வேனில்தான் வருவோம் என்கிறவர்களுக்கு? நாம் அப்படித்தான் வருவோம், என்ன செய்வது, பழக்கம் அது. அவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. படலையருகில் பத்து நிமிடம் மட்டும் நிற்கக் கூடிய இறக்குமிடம். பயணியையும் பெட்டியையும் இறக்கிவிட்டு, வாகனம் காங்கேசன்துறைச் சந்திப் பக்கமாக ஏற்கனவே திறந்தவெளியாக உள்ள ஓர் இடத்துக்குப் போய் நிற்கட்டும். அங்கே கட்டணத்தைப் பிரதேச சபை எடுக்கட்டும். அங்கே ஒரு தேநீர்க் கடை, ஒரு மலசலகூடம், ஒழுச் செய்யத் தண்ணீர் இருந்தால் போதும். கப்பல் புறப்படும் நேரம் லுஹரோடு ஒட்டி வருவதால் இந்தத் தண்ணீர் விடயத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. ஊர்ச் சனத்துக்கும் இதில் நாலு காசு கிடைக்கும். ஓட்டோக்காரர்கள், பெட்டி தூக்கும் பையன்கள், பனங்கட்டி விற்கும் பெண்கள் எல்லோருக்கும் இடமிருக்கும்.

சொகுசுக் கப்பலின் பஸ்கள் விடயத்தில்தான் ஊரவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். கப்பலில் வருகிறவர்களுக்கான ஊர் சுற்றும் பயணங்களைப் பெரும்பாலும் கப்பலிலேயே விற்றுவிடுவார்கள், இது உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. பஸ்ஸும் வழிகாட்டியும் சாப்பாடும் முன்கூட்டியே ஒப்பந்தம். பஸ் எங்கோ தூரத்து நகரத்திலிருந்து வந்தால், பயணி யாழ்ப்பாணத்தைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுப் போவார், அவரது டொலர் யாழ்ப்பாணத்தைப் பாராமலே போகும். துறைமுகத்துக்குள் எந்த வாகனம் நுழையலாம் என்ற அனுமதியை யார் கொடுக்கிறார், எப்படிக் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரிப்பிடத்தின் திறப்பு யார் கையிலோ, வருமானத்தின் திறப்பும் அவர் கையில். யாழ்ப்பாணம் ஐந்து சந்திப் பக்கமாக மீளக் குடியேறிக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் கப்பல் வருகிறது என்று சந்தோசப்படுகிறார்கள். அந்தச் சந்தோசத்தோடு, உள்ளூர் வேன், ஓட்டோ சங்கங்களோடு சேர்ந்து இந்த அனுமதிப் பத்திரத்தைப் பற்றி இப்போதே கேட்பது நல்லது. தமிழ், முஸ்லிம் என்று பிரித்துப் பார்க்க அதில் எதுவும் இல்லை.

இனி ஏறுதல். விமானம் ஏறிப் பழகியவர்கள் கப்பலை விமானம் போல் நினைத்து வருவதுதான் முதல் சிக்கல். கப்பல் பெரியது, நிறைய ஏற்றலாம் என்று நினைத்து வருவது இரண்டாவது. எங்கள் சாச்சி நாகூரில் உள்ள உறவுகளுக்கு என்று தேயிலை, மாசி, தொதல் எல்லாம் கட்டியிருந்தார். பயணப் பொதியின் நிறைக்கு இலவச எல்லை ஒன்று உண்டு, மேலதிகத்துக்குக் கட்டணம் உண்டு, அது காலத்துக்குக் காலம் மாறியும் வந்திருக்கிறது. வேனிலேயே பெட்டியைத் திறந்து, எதை விடுவது எதை எடுப்பது என்று ஒரு மாநாடே நடந்தது. இறுதியில் மாசி எங்களோடு புத்தளத்துக்குத் திரும்பியது. வீட்டிலேயே தராசில் வைத்திருக்கலாம். நான் கணித ஆசிரியர் வேறு!

அதையும் தாண்டி ஒரு விடயம். படலையில் பரிசோதனை, டிக்கெட், நிறுவை, சுங்கம், குடியகல்வு, பிறகு காத்திருப்பு, பிறகு கப்பல். ஒரு பயணி ஏழு தடவை நின்று நின்று போக வேண்டும். 150 பேரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் கடைசி ஆள் வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். பெரிய முனையங்களில் இதற்கு ஓர் எளிய வைத்தியம் செய்கிறார்கள். டிக்கெட்டிலேயே வர வேண்டிய நேரத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள்: இந்த ஐம்பது பேர் இந்த அரை மணித்தியாலத்தில், அடுத்த ஐம்பது பேர் அடுத்த அரை மணித்தியாலத்தில். இதற்குக் கட்டடம் வேண்டாம், நன்கொடை வேண்டாம், அச்சடிக்கும் இயந்திரத்தில் ஒரு வரி கூட்டினால் போதும். வாகன நெரிசலும் அதோடு மூன்றில் ஒன்றாகிவிடும். கியூவும் தரிப்பிடமும் இரண்டு பிரச்சினைகள் என்று நினைக்கிறோம், இரண்டும் ஒன்றுதான். ஆட்கள் ஒரே நேரத்தில் வருவதால்தான் வாகனங்களும் ஒரே நேரத்தில் வருகின்றன.

வயோதிபர்களின் கதை தனி. இந்தச் சேவையில் போகிறவர்களில் ஸியாரத்துக்கும் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் போகிறவர்கள் நிறையப் பேர். நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் சில கிலோமீற்றர்தான். தர்ஹா ஸியாரத் பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடுகளைக் கிளற நான் இங்கே வரவில்லை, அது வேறு மேடை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் வருடா வருடம் கொடியேறும்போது நாகூர் என்ற பெயர் கிழக்கில் இன்றும் உச்சரிக்கப்படுகிறது, இந்தக் கப்பலை எதிர்பார்த்திருக்கும் முதியவர்கள் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். அவர்களுக்குச் சக்கர நாற்காலி, சாய்தளம், கப்பலுக்கும் துறைக்கும் இடையிலான ஏறுபலகையில் இரண்டு பக்கமும் கைப்பிடி, நிழல் எல்லாம் சொகுசு அல்ல. சொகுசுக் கப்பல் பயணிக்கு விரிக்கும் கம்பளத்தில் பாதியை விற்றால் இவ்வளவும் செய்யலாம் என்று எழுத நினைத்தேன், கொஞ்சம் காரமாகப் போய்விடும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

பிறகு காலநிலை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கடல் யாருடைய அட்டவணைக்கும் கட்டுப்படாது. சேவை நிறுத்தப்படுவது பாதுகாப்புக்காக, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் புத்தளத்திலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ இரவோடிரவாகப் புறப்பட்டு வருகிறவருக்கு, புறப்படும் முன்பே கைத்தொலைபேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி வர வேண்டும். வந்த பிறகு ரத்தானால் ஓர் இரவு தங்க என்ன வழி என்றும் அதில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போது சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுடில்லிக்குப் போனபோது வெளியான கூட்டறிக்கையில், இராமேஸ்வரம் – தலைமன்னார் பயணிகள் சேவையை விரைவில் மீளத் தொடங்க அதிகாரிகள் பணியாற்ற வேண்டும் என்று இணக்கம் காணப்பட்டது. மன்னார், முசலி, புத்தளம் மக்களுக்குக் காங்கேசன்துறையை விட அதுதான் வாசல். கடல்தூரமும் குறைவுதான். ரயில் ஏற்கனவே 2015 மார்ச்சில் இருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை போகிறது. அங்கே இன்னும் புதிய முனையத்தின் கல் நடப்படவில்லை. கல் நட்ட பிறகு கேட்டால், வரைபடம் முடிந்துவிட்டது என்பார்கள். முனையத்தை ரயில் நிலையத்தோடு ஒட்டி வைப்பதா, அல்லது தனியாக ஒரு கட்டடத்தைப் போட்டு அதற்கு முன்னால் பெரிய தரிப்பிடத்துக்கு நிலம் தேடுவதா என்ற தீர்மானம் ஒரு பென்சில் கோட்டில் முடிந்துவிடும். மன்னாரின் பாராளுமன்ற உறுப்பினர்களும் பிரதேச சபைகளும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஆலய நிர்வாகங்களும் சேர்ந்து, அந்தப் பென்சில் கோடு போடப்படுவதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். ஒரு பக்கம் போதும், அதில் ரயில் நிலையத்திலிருந்து கப்பல் வரை எத்தனை மீற்றர் நடக்க வேண்டும் என்ற ஒரே ஒரு கேள்வி இருந்தாலும் போதும்.

சாச்சி பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை பதினொரு பேர் போகவில்லை. நானும் சாச்சியின் மருமகனும் யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் போய், சோனகர் தெருவில் ஓர் உறவினர் வீட்டில் இரவு தங்கி, மறுநாள் ஓர் ஓட்டோவில் போய் நின்றோம். பெட்டி இரண்டு, பை ஒன்று, கூடவே நாகூரில் வாங்கிய ஒரு பெரிய அலுமினியச் சட்டி. ஏறுவது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ஏறுறது ஒண்டும் கஷ்டமில்ல மகன். கப்பல்காரப் புள்ளயொண்டு கையப் புடிச்சி ஏத்திச்சி. அந்தக் கொட்டகையில நிண்டதுதான் முழங்காலுக்கு ஏலாமப் போச்சி” என்றார். பிறகு சட்டியைக் காட்டி, இதை ஓட்டோவில் எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டார்.